சுழிக்கு மேலே இருந்த கண்

என் காசிம் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வராது என்று தெரிந்தே சொல்கிற சலாம். கபர்ஸ்தானுக்குள் கால் வைக்கும்போது அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு எல்லாரும் பொதுவாகச் சொல்வதுதான். ஆனால் ஒருவர் பெயரை எழுதி, கமா போட்டு, அதற்குக் கீழே சலாம் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றுவிடுகிறது.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நான் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தபோது 'புதன் வருகிறேன்' என்று ஒரே வரியில் கார்டு போட்டேன். வீட்டுக்கு வந்ததும், "தந்தி அடிச்சிருக்கலாமே மாப்ள, அம்புட்டு பெரிய கார்டை எதுக்கு வீணாக்குன?" என்று கேட்டீர்கள். இன்று நீளமாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகையில் போடச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பேகம்பூரில் மூன்று மாதமாக ஒரு பொய் நடமாடுகிறது, அதை நிறுத்த வேண்டும். அதோடு, உங்கள் வீட்டுக்காரி, என் மைமூன் அக்கா, இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை.

முதலில் லாயத்துச் செய்தி. நீங்கள் விற்க வைத்திருந்த வெள்ளைக் குதிரை வத்தலக்குண்டுக்குப் போய்விட்டது. வாங்கினவர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். மாப்பிள்ளை குதிரையில் வந்தால்தான் படம் எடுப்பாக இருக்கிறதாம். லைட்டு அடித்தால் மிரளுமா என்று ஒரே கேள்விதான் கேட்டார். என்ன ஜாதி, எத்தனை பல், ஒன்றும் கேட்கவில்லை. மட்டக்குதிரை ஜோடி கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ரேஸில் ஓடிக் கால் போனதென்று தள்ளிவிட்ட தரோபிரெட் குதிரையை நீங்கள் இரக்கப்பட்டு வாங்கி வந்தீர்களே, அதற்கு முன்னங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. தினமும் பைப்பைப் பிடித்துப் பச்சைத் தண்ணீர் அடிக்கிறேன். இன்னும் ஒரு மாதத்தில் ஆள் ஏறலாம். யார் ஏறுவது? ராவுத்தர் என்றாலே குதிரைக்காரன் என்றுதான் அர்த்தம். "நம்ம வம்சத்துலயே குதிரை ஏறத் தெரியாத ராவுத்தன் நீ ஒருத்தன்தாம்லே" என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது இன்னும் மாறவில்லை.

கடைசி முளையில் அந்தக் காட்டியவாரி ஜாதிக் குதிரை நிற்கிறது. உங்களைக் கீழே தள்ளினது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

குஜிலியம்பாறைப் பக்கம் மழை பொய்த்து, தீவனத்துக்கு வழியில்லாமல் ஒரு விவசாயி குதிரையைக் கொடுத்துவிடப் போகிறார் என்று தெரிந்து நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். வேப்ப மரத்தடியில் நின்றது. செம்பழுப்புப் பெட்டை. காதுகள் உள்பக்கம் வளைந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டிருந்தன. நீங்கள் வாயே திறக்கவில்லை. பிடித்துப்போனால் நீங்கள் ஊமையாகிவிடுவீர்கள், விற்கிறவனுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தே அந்த மனுசனுக்குத் தெரிந்துபோயிற்று.

நான் என் தாளை எடுத்தேன். நான் வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் வெளியே போகும் முன் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் நிரப்புவோம். அதே மாதிரி குதிரைக்கும் ஒன்று தயார் செய்து, டைப் அடித்து வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வரிசை. பல், குளம்பு, முட்டி, மூச்சு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட வேண்டும். நான் ஸ்டாப் வாட்ச்சை வைத்து நாடி பார்த்தபோது, "என்ன தம்பி, இங்கேயே பந்தயம் விடப் போறீகளா?" என்று அந்த விவசாயி கேட்டார். நீங்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

ஏழாவது வரிசை, கண். இடது கண்ணுக்கு முன்னால் கையை வீசினேன். இமைத்தது. வலது கண்ணுக்கு முன்னால் வீசினேன். இமைத்தது. இரண்டும் சரி என்று டிக் போட்டேன். ஒரு கண்ணுக்கு இரண்டு செகண்டு. எனக்கு அன்றைக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட்.

அப்போதுதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டு வலது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தீர்கள்.

"மாப்ள, இதைப் பாரு. சுழி."

மயிர் ஒரு பைசா அளவுக்கு வட்டமாகச் சுழன்று படுத்திருந்தது.

"சுழி இருந்தா என்ன?"

"கண்ணீர்ச்சுழிடா இது. கண்ணுல இருந்து தண்ணி வந்தா நேரா இதுலதான் விழும். இதைக் கட்டுன வீட்டுப் பொம்பளை அழுவான்னு எங்க அத்தா சொல்வாக."

"மயிரு சுத்தி வளர்றதுக்கும் பொம்பளை அழறதுக்கும் நடுவுல என்ன மச்சான் இருக்கு? பெல்ட்டு போட்டு இழுத்திருக்கா, கியரு வச்சிருக்கா?"

"ஒனக்கு எல்லாமே கியருதான்."

"சரி, கியரு வேணாம். காரணம் சொல்லுங்க."

அரை மணி நேரம் பேசினோம். அரை மணி நேரம் நாம் இரண்டு பேரும் அந்தக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றோம். நீங்கள் கீழே இருக்கிற மயிரைப் பார்த்துப் பயந்தீர்கள். நான் அதே மயிரைப் பார்த்துக் கேலி செய்தேன். கண்ணை ஒருத்தரும் பார்க்கவில்லை.

பிறகு நீங்கள் ஏறி ஒரு சுற்று ஓட்டினீர்கள். இறங்கியதும், "கழுத்தை வலது பக்கமா கொஞ்சம் ஒடிச்சுக்கிட்டே போகுது மாப்ள" என்றீர்கள். கடிவாளம் சரியில்லை, வாயில் ஒரு பக்கம் இழுக்கிறது என்று நான் சொன்னேன். அதையும் தாளில் எழுதினேன். 'கடிவாளம் மாற்றவும்.' எவ்வளவு அழகான கையெழுத்து எனக்கு!

"சரி, ஒன் பேப்பரு சரின்னா எனக்கும் சரி" என்று துண்டுக்குள் கையை விட்டு விவசாயியின் விரலைப் பிடித்து விலை பேசினீர்கள். பேரம் முடிந்தது.

எந்தக் குதிரை வந்தாலும் உள்ளே விடும் முன் நீங்கள் பின்கட்டுக் கதவில் நின்று, "மைமூனு, கட்டவா?" என்று கேட்பீர்கள். அக்கா திரையை விலக்கிப் பார்த்து, "கட்டுங்க" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் முளையில் கயிறு விழும். இத்தனை வருசத்தில் அவள் வேண்டாம் என்று ஒரு குதிரையையும் சொன்னதில்லை. ஆனாலும் கேட்பீர்கள். அன்றைக்கும் கேட்டீர்கள். கேட்டதோடு விடாமல் சுழியையும் காட்டினீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். "கண்ணுக்குக் கீழ மயிரு எப்படிப் படுத்தா என்னங்க? இம்புட்டு லட்சணமா இருக்கு. கட்டுங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் நிலக்கோட்டையில் ஒருவருக்குக் காட்டுவதற்காக அதில் ஏறிப் போனீர்கள். நடந்ததை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். சின்னாளப்பட்டி தாண்டி, எதிரே பூ வேன் வந்திருக்கிறது. ஓட்டி வந்தவர் மெதுவாகத்தான் வந்தேன் என்கிறார், நம்புகிறேன். உங்களுக்கு வலது பக்கமாக ஒதுங்கி வந்து, பக்கத்தில் வந்ததும் ஹாரன் அடித்திருக்கிறார். குதிரை இடது பக்கம் பள்ளத்தில் பாய்ந்தது. உங்கள் தலை பாலத்துக் கட்டைச் சுவரில். ரோட்டோரம் பாவு விரித்துக்கொண்டிருந்த நெசவுக்காரர்கள் நூலைப் போட்டது போட்டபடி விட்டு உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நான் இன்னும் போய் நன்றி சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததா மச்சான், அந்தக் கடைசி நொடியில்? குதிரை ஏன் அப்படிப் பாய்ந்தது என்று?

உங்கள் ஜனாஸா கிடந்த வீட்டிலேயே ஊர்ப்பேச்சு ஆரம்பித்துவிட்டது. "கண்ணீர்ச்சுழியாம்ல." "காசிமுக்குத் தெரிஞ்சிருந்துச்சாம். வீட்ல கட்டச் சொன்னாகளாம்." நான் சண்டைக்குப் போனேன். சுழியில் ஒன்றுமே இல்லை, அறிவுகெட்ட பேச்சு என்று பள்ளிவாசல் வாசலில் நின்று கத்தினேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். சுழியில் ஒன்றும் இல்லை.

அக்கா இத்தாவில் உட்கார்ந்தாள். புருசனை இழந்தவள் வெளியாட்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள். தம்பி என்பதால் நான் உள்ளே போய்ப் பார்க்கலாம். தினமும் ஷிப்ட் முடிந்து போவேன். மாமி, உங்கள் அம்மா, டீ கொடுப்பார்கள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: "நாந்தாண்டா கட்டச் சொன்னேன்."

"சுழியால ஒண்ணும் நடக்கலக்கா."

"அப்ப எதால நடந்துச்சு? சொல்லு. நீ படிச்சவன்ல."

அப்போது எனக்கு உண்மையாகவே தெரியாது.

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், தண்ணீர் வாளியோடு காட்டியவாரியின் வலது பக்கமாகப் போனேன். காது மட்டும் என் பக்கம் திரும்பியது. தலை திரும்பவில்லை. வாளி விலாவில் இடித்ததும் தூக்கிவாரிப்போட்டுக் குதித்தது. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

வீட்டுக்குப் போய் டிராயிங் வகுப்புக்கு வாங்கின பெரிய பிளாஸ்டிக் செட் ஸ்கொயரை எடுத்து வந்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவானது. அதை வலது கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அதற்கு இந்தப் பக்கம் கையை வீசினேன். இமைக்கவில்லை. மறுபடி வீசினேன். இமைக்கவில்லை. இடது கண்ணில் அதே மாதிரி செய்தேன், உடனே இமைத்துத் தலையை இழுத்துக்கொண்டது.

அன்றைக்குக் குஜிலியம்பாறையில் வலது கண் இமைத்தது என் கையைப் பார்த்து இல்லை. என் கை கிளப்பின காற்றுப் பட்டு. கண்ணில் பூ இல்லை, கலக்கம் இல்லை, வெளியே பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கிறது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தெரியாத பக்கத்தைத் தெரிகிற கண்ணால் பார்க்கத்தான் அது கழுத்தை ஒடித்துக்கொண்டு நடந்திருக்கிறது. நீங்கள் அதைச் சொன்னீர்கள். நான் கடிவாளத்தை மாற்றச் சொன்னேன்.

காற்று ஒரு சக்தி என்று எனக்குத் தெரியாதா? மூன்று வருசம் அதைத்தானே படித்தேன்?

இதை யாரிடமும் சொல்லவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். இருபத்திரண்டு நாள் சொல்லவில்லை. யாரைக் கண்டாலும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன், மேனேஜரிடமே அளவு தப்பு என்று சொல்கிறவன், அக்கா முன்னால் உட்கார்ந்து, அவள் "நாந்தாண்டா கட்டச் சொன்னேன்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தேன். சொல்லிவிட்டால் அவள் பாரம் இறங்கிவிடும். ஆனால் எனக்கு அவளும் இல்லாமல் போய்விடுவாள். அம்மா அத்தா இல்லாதவனுக்கு இருந்தது நீங்களும் அவளும்தானே.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரம், ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். தரகர் சிக்கந்தர் கூட்டி வந்தார். "சுழியை மட்டும் பிளேடு போட்டு மழிச்சு விட்ருவோமா?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டிருந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். வந்தவர் சுழியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங் தம்பி, இதுக்கா இத்தன நாளா விக்காம வெச்சிருக்கறீங்க? நானு சுழியெல்லாம் பாக்கறதில்லீங்க. பல்லு நல்லாருக்குது, காலு நல்லாருக்குது. போதுமுங்க."

"யார் ஏறுறதுக்குங்க?" என்று கேட்டேன்.

"எம்பட பொண்ணுக்குங்க. பன்னெண்டு வயசு. குதிரை குதிரைன்னு உசுர வாங்குதுங்க. தோட்டத்துக்கும் ஊட்டுக்கும் ரோட்டு மேலதான், பக்கமுங்க."

அவர் துண்டை விரித்து என் கையைத் தேடினார். பின்கட்டுத் திரை கொஞ்சம் அசைந்தது. அக்கா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இதுக்கு வலது கண்ணு தெரியாதுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேசவும் வராது.

அவர் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான இருக்குதுங்க?"

செட் ஸ்கொயரை எடுத்துக் காட்டினேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப, இந்த ஊட்டுக்காரரு உழுந்தது..." என்று இழுத்தார்.

"அதனாலதாங்க. வாங்குறப்ப கண்ணைப் பாத்துச் சரின்னு சொன்னது நான்."

"சொன்னீங்களே தம்பி, அது போதுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிக்கந்தர்தான் குதித்தார். "ஏலே ஜாபரு, கிறுக்கு புடிச்சிருச்சா? பழி பாட்டுக்குச் சுழி மேல கெடந்துச்சு. ஒன்னைய எவன் கேட்டான்?"

ஒருத்தரும் கேட்கவில்லை மச்சான். அதுதான்.

அவர்கள் போன பிறகு திரையை விலக்கிக்கொண்டு அக்கா லாயத்துக்குள் வந்தாள். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக அந்த வாசலைத் தாண்டினாள். "எந்தக் கண்ணு?" என்று கேட்டாள். காட்டினேன். அவள் குதிரையின் வலது பக்கம் நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றாள். குதிரை அவளை முழுசாகப் பார்த்தது.

"இம்புட்டு நாளும் அந்தக் கதவுல நின்னு இதைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருந்தேன். அதுக்குத் தெரியாத பக்கமா நின்னு திட்டியிருக்கேன் பாரு" என்றாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அக்கா" என்றேன்.

"எப்ப கண்டுபுடிச்ச?"

"இருபத்திரண்டு நாளாச்சு."

கண்ணைத் தப்பாகப் பார்த்ததை அவள் மன்னித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். அந்த இருபத்திரண்டு நாளைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "தெனம் வந்து டீ குடிச்சியேடா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் மாமி வந்து, "இத்தா முடியற வரைக்கும் வர வேணாங்குறா, அப்பு. நான் என்னத்தச் சொல்ல?" என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதிலிருந்து தெருப்பக்கக் கதவு வழியாக லாயத்துக்குள் போய்த் தீவனம் போட்டுவிட்டு, தெருப்பக்கமாகவே திரும்பி வந்துவிடுகிறேன். வீட்டுக்குள் ரேடியோ கேட்கிறது. வெஞ்சனம் தாளிக்கிற வாசம் வருகிறது. கடுகு வெடிப்பதை வைத்து யார் அடுப்பில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். மாமி மெதுவாகக் கிண்டுவார்கள், அக்கா கரண்டியால் சட்டியை அடிப்பாள். இரண்டு நாளாக அடிக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கு அது போதுமாக இருக்கிறது என்று எழுதினால் பொய். போதவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் யாரோடும் பேச்சில்லை. குதிரை ஒன்றுதான் நான் பேசுவதைக் கேட்கிறது, அதுவும் புல்லுக்காக. தினமும் காலையில் கயிற்றைப் பிடித்து ஈத்கா மைதானத்தில் நடத்துகிறேன். ரோட்டைக் கடக்கும்போது வண்டி வருகிற பக்கம் நான் நடந்து, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொள்கிறேன். கை இருந்தால் அது பயப்படுவதில்லை. அதை விற்கப்போவதில்லை.

பேகம்பூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. என் அக்கா கட்டச் சொன்னதால் யாரும் சாகவில்லை. முகத்தில் சுழியிருக்கிற குதிரை குதிரைதான். தவறு ஏழாவது வரிசையில், என் கையெழுத்தில் இருக்கிறது. தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

மச்சான், இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது இத்தா முடிய. பஸ் ஐந்து நிமிசம் தாமதமானால் நடந்தே கிளம்பிவிடுகிறவன் நான், உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நாள் காலையில் முன்வாசலுக்குப் போய் நிற்பேன். தட்டமாட்டேன், கூப்பிடமாட்டேன். அவள் திறக்காவிட்டால் மறுநாள் போவேன். அதற்கு மறுநாளும். எத்தனை நாள் என்று கணக்குப் போடமாட்டேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை,
அக்கா ஒப்புக்கொண்டால் அவளுக்குத் தம்பி,
ஜாபர்